பாடசாலை நூலகத்துக்கு நிதி திரட்டுதல்: திருகோணமலையில் புதிதாகத் தொடங்குவோருக்கு

அகதி முகாமிலிருந்து திரும்பிய பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் ஒரு நூலகம் அமைக்க வேண்டும், அதற்குக் காசு சேர்க்க வேண்டும் என்று நினைத்தவுடன் பலரும் செய்வது வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்குவதுதான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். திருகோணமலையில் கொடுக்கிற மனம் உள்ளவர்களுக்குக் குறைவில்லை. வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரரும் கேட்டால் இல்லையென்று சொல்கிறவர்கள் இல்லை. அவர்கள் தயங்குவதெல்லாம் ஒரு கேள்வியால்தான்: "இந்த நூலகம் மூன்று வருடம் கழித்தும் திறந்திருக்குமா?"

அந்தக் கேள்விக்கு உங்களிடம் நம்பும்படியான பதில் இருந்தால் நிதி திரட்டுவதில் பாதி வேலை முடிந்துவிடும். இந்த மாவட்டத்தில் நான் பார்த்த பூட்டிக் கிடக்கும் நூலக அறைகளில், புத்தகம் இல்லாமல் பூட்டியவை குறைவு. திறக்க ஆள் இல்லாமல் பூட்டியவைதான் அதிகம். திறப்பு விழாவுக்கு நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், அடுத்த தவணையில் சாவி அதிபரின் மேசை இழுப்பறைக்குப் போய்விட்டது. ஆகவே கீழே சொல்லப்போகும் எல்லாப் படிகளும் கதவு திறந்திருப்பதை மனதில் வைத்தே சொல்லப்படுகின்றன.

எந்தப் பிள்ளைகள், என்ன தேவை

"அகதிப் பிள்ளைகளுக்கு உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் கொடுப்பவருக்கு ஒன்றும் விளங்காது. திருகோணமலையில் அந்தச் சொல்லுக்குள் வேறு வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டிய புத்தகங்களும் வேறு.

ஒரு பகுதியினர் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள். 1983க்குப் பிறகும், அதைவிடக் கூடுதலாக 1990இலும், இந்த மாவட்டத்திலிருந்து மன்னார்க் கரைக்குப் போய்ப் படகேறி இராமேஸ்வரம் சேர்ந்தவர்கள் பலர். 2009இல் யுத்தம் முடிந்த பின் ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் உதவியோடு விமானத்தில் ஊர் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். இவர்களின் பிள்ளைகள் அநேகமாக அங்கேயே பிறந்தவர்கள், அங்கத்தைய பாடத்திட்டத்தில் படித்தவர்கள். தமிழ் நன்றாக வாசிப்பார்கள். சிங்களத்தில்தான் இடறும். இங்கே தமிழ்மொழிப் பாடசாலையில் சிங்களம் இரண்டாம் மொழியாக உண்டு. அங்கே அந்த எழுத்தைப் பிள்ளை கண்டதே இல்லை. தரம் 7 வாங்கில் இருந்துகொண்டு, சின்ன வகுப்புச் சிங்களப் புத்தகத்தைத் தன் கணிதக் கொப்பிக்குள் வைத்து, மேல் மட்டையைக் கையால் மறைத்தபடி எழுத்துக் கூட்டிப் படித்த ஒரு பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு உங்கள் நூலகம் செய்யக்கூடிய பெரிய உதவி, யாரும் பார்த்துச் சிரிக்காத இடத்தில் அந்தப் புத்தகத்தை வைப்பது. இறாக்கைகளில் "தரம் 1", "தரம் 2" என்று ஒட்டாதீர்கள். நிறப் புள்ளி ஒட்டி வாசிப்பின் எளிமை, கடினத்தைக் காட்டுங்கள், போதும்.

இன்னொரு பகுதியினர் உள்ளூரிலேயே இடம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள். சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனைப் பக்கத்துச் சனம் 2006இல் எழும்பி ஓடியது. கிளிவெட்டி, பட்டித்திடல், மணல்சேனை நலன்புரி நிலையங்களில் வருடக்கணக்காக இருந்து, 2015, 2016இல் காணிகள் விடுவிக்கப்பட்ட பிறகுதான் பலர் தங்கள் வளவைக் கண்டார்கள். அதே 2006இல் மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய்ப் பக்கம் ஓடித் திரும்பினார்கள். இந்தக் குடும்பங்களில் தாய் தகப்பனின் படிப்பே முகாமில் முறிந்து போனது. வீட்டில் பிள்ளைக்குக் கதை வாசித்துக் காட்ட ஆள் இல்லை. இவர்களுக்குப் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களும், உரக்க வாசித்துக் காட்ட ஒரு அக்காவும் தேவை. கொஞ்சம் வளர்ந்தவர்களுக்குப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரக் கடந்தகால வினாத்தாள்கள் தேவை. ரியூசனுக்குக் காசில்லாத பிள்ளைக்கு வினாத்தாள் கட்டு ஒன்று எவ்வளவு பெரிய விஷயம் என்பது கொடுப்பவர்களுக்கு உடனே விளங்கும். அதனால் அதை உங்கள் கோரிக்கையில் முதல் வரியிலேயே போடலாம்.

வகுப்பாசிரியர்களிடம் இருந்து எண்ணிக்கை எடுங்கள். பெயர் வேண்டாம். எத்தனை பிள்ளைகள் முகாமிலிருந்து திரும்பிய குடும்பம், எத்தனை பேர் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள், பாடசாலை விட்ட பிறகு எத்தனை பேரால் ஒரு மணி நேரம் நிற்க முடியும், பஸ் எத்தனை மணிக்கு. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். இரண்டு மணி பஸ்ஸைத் தவறவிட்டால் நடந்துதான் போக வேண்டும் என்ற கிராமத்தில் பின்னேர நூலகம் நடக்காது. அங்கே இடைவேளையிலும் காலையிலும் திறக்கிற மாதிரித் திட்டமிட வேண்டும்.

இவற்றை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அதுதான் உங்கள் தேவைக் குறிப்பு. பின்னால் எழுதும் எல்லாக் கடிதமும் அதிலிருந்துதான் பிறக்கும்.

ஒரு வேண்டுகோள். நூலக வாசலில் "அகதிச் சிறுவர் நூலகம்" என்று பலகை போடவே வேண்டாம். அது பாடசாலையின் நூலகம், எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. அந்தச் சொல்லைச் சுமந்து வளர்ந்த பிள்ளை நூலக வாசலிலும் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டுமா?

பாடசாலைக்குள் செய்ய வேண்டியது

அதிபரிடம் போங்கள். பிறகு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குப் போங்கள். இந்த இரண்டு சம்மதமும் இல்லாமல் வெளியே ஒருவரிடமும் வாய் திறக்க வேண்டாம். வலயக் கல்வி அலுவலகத்துக்கும் கடிதம் போக வேண்டும். மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என ஐந்து வலயங்கள். உங்கள் பாடசாலை எதில் என்று தெரிந்துகொண்டு, அதிபர் ஊடாகவே கடிதத்தை அனுப்புங்கள். அங்கே கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: இந்தப் பாடசாலைக்கு ஏற்கெனவே வேறு யாராவது நூலகத் திட்டம் கொடுத்திருக்கிறார்களா? ஒரே பாடசாலைக்கு இரண்டு தரப்பு அலுமாரி வாங்கிக் கொடுக்க, பக்கத்துக் கிராமத்துப் பாடசாலைக்கு ஒன்றும் இல்லாமல் போவது இங்கே நடக்கிற காரியம்.

சங்கக் கூட்டத்தில் நான்கு விஷயம் தீர்மானமாகிக் கூட்ட அறிக்கையில் ஏற வேண்டும். எந்த அறை, எந்த வங்கிக் கணக்கு, யார் யார் கையொப்பம், சாவி யாரிடம். வாய்ப்பேச்சில் விடாதீர்கள். அதிபர்களுக்கு இடமாற்றம் வரும். நல்ல அதிபர் போனதும் நூலகம் படுத்துவிடுகிறது என்று எத்தனையோ பேர் மனம் வருந்திச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கூட்ட அறிக்கையில் இருக்கிற தீர்மானம் புதிய அதிபர் வந்தாலும் நிற்கும். சாவி இரண்டு இருக்க வேண்டும். ஒன்று நூலகப் பொறுப்பாசிரியரிடம், மற்றது பாடசாலைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் சங்க உறுப்பினர் ஒருவரிடம்.

பெற்றோரிடம் காசு கேட்கக் கூடாது. கட்டாயப்படுத்தாமல் கேட்டாலும் முகாமிலிருந்து வந்த குடும்பம் அதைக் கட்டாயமாகத்தான் எடுத்துக்கொள்ளும். கடன்பட்டுக் கொண்டுவந்து தரும். அவர்களிடம் சிரமதானம் கேளுங்கள். சுவருக்கு வெள்ளை அடிக்க, முற்றம் துப்புரவாக்க, இறாக்கைக்கு வார்னிஷ் பூச, பழைய புத்தகத்துக்கு மட்டை போட. தகப்பன் வெள்ளை அடித்த அறைக்குள் பிள்ளை உரிமையோடு வருவான்.

கணக்கு

தனிப்பட்ட வங்கிக் கணக்கில் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். "அவசரத்துக்கு என்ர கணக்குக்குப் போடுங்கோ, பிறகு மாத்துவம்" என்று சொல்லுகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு வங்கிக் கணக்கு இருக்கும், இரண்டு கையொப்பம் இருந்தால்தான் காசு வெளியே வரும். அதிலேயே வாங்கி, நூலகத்துக்கென்று தனிப் பக்கத்தில் கணக்கு எழுதலாம். தொடர் இலக்கம் போட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று அச்சடியுங்கள். நூறு ரூபாய் தந்தவருக்கும் பற்றுச்சீட்டு போக வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து பெரிய தொகை வந்தால் எதற்கு, யார் அனுப்புகிறார்கள் என்று வங்கி கேட்கும். சங்கத் தீர்மானத்தின் பிரதியும் அனுப்புகிறவரின் கடிதமும் கோப்பில் இருந்தால் அன்றைக்கே வேலை முடிந்துவிடும். நீங்கள் தனியாக ஒரு அமைப்பாக இயங்க விரும்பினால் பிரதேச செயலகத்தில் சமூக மட்ட அமைப்பாகப் பதியலாம். அரச சார்பற்ற நிறுவனமாகப் பதிவதானால் அது 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும். முதல் நூலகத்துக்கு இது எதுவும் வேண்டியதில்லை. பாடசாலையின் பெயரிலேயே செய்யுங்கள்.

விலை கேட்டு எழுதிய பட்டியல்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். "ஐந்து லட்சம் தேவை" என்று வட்டமாக ஒரு தொகை சொல்லுவார்கள். எதற்கு என்று கேட்டால் "புத்தகம், அலுமாரி" என்பார்கள். கடைக்குப் போய், தச்சனிடம் போய், புத்தக வியாபாரியிடம் போய், எழுத்தில் விலை வாங்குங்கள். பெரிய பொருள் ஒவ்வொன்றுக்கும் மூன்று இடத்து விலை.

இறாக்கையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருகோணமலைக் காற்று புத்தகத்துக்கும் தளபாடத்துக்கும் இரக்கம் காட்டாது. கடற்கரைப் பக்கத்துப் பாடசாலையில் மலிவான இரும்பு அலுமாரி வாங்கினால் உப்புக் காற்றில் கீழ் விளிம்பிலிருந்து துருப்பிடித்துக்கொண்டு வரும். துரு முதலில் புத்தகத்தின் அடிப்பக்கத்தில்தான் கறையாகத் தெரியும். உள்ளே தள்ளி இருக்கிற பாடசாலையில் மர இறாக்கையைச் சுவரோடு ஒட்டி வைத்தால் கறையான் சுவர் வழியாக ஏறி, வெளியே ஒன்றும் தெரியாமல், பின்பக்கத்தால் புத்தகத்துக்குள் போய்விடும். மேலே மட்டை நல்லாயிருக்கும், கையில் எடுத்தால் உள்ளே மண். ஆகவே சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். காலுக்குக் கீழே கல் வையுங்கள். பின்பலகை அடிக்காமல் திறந்து விடுங்கள், காற்றும் போகும், கறையான் கோடும் கண்ணில் படும். கார்த்திகை, மார்கழி மழையில் அறை ஈரமாகும். யன்னலைச் சாத்தி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெருகல், மூதூர்ப் பக்கமானால் மாவலி பெருகுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கே அடித்தட்டு இடுப்பளவு உயரத்தில் தொடங்கட்டும், கீழே பாயும் விளையாட்டுப் பொருளும் இருக்கட்டும். இந்த விவரங்களையெல்லாம் கோரிக்கையிலும் எழுதலாம். கறையானுக்காக இறாக்கையைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கத் தெரிந்தவன் காசையும் கவனமாகத்தான் செலவழிப்பான் என்று கொடுப்பவர் நினைப்பார். அது சரியான நினைப்பும்தான்.

புத்தகங்களுக்கு வருவோம். பாடநூல் வாங்காதீர்கள். 1980 முதல் அரசாங்கம் அதை இலவசமாகக் கொடுக்கிறது. தொடக்கத்துக்கு ஒரு பிள்ளைக்கு இரண்டு புத்தகம் என்ற அளவில் நல்லதாகத் தெரிந்தெடுத்தால் போதும், பிறகு வாசிப்பைப் பார்த்து வாங்கலாம். இலங்கையில் தமிழிலும் சிங்களத்திலும் வெளிவரும் சிறுவர் கதைப் புத்தகங்கள், தமிழ்நாட்டுப் பதிப்பகங்களின் படப் புத்தகங்கள் இரண்டும் கலந்திருக்கட்டும். திரும்பி வந்த பிள்ளைக்கு, அங்கே முகாம்ப் பள்ளியில் பார்த்த மாதிரியான ஒரு புத்தகம் இங்கே இறாக்கையில் இருந்தால் கை தானாக அதற்குப் போகும். தமிழும் சிங்களமும் எதிரெதிர்ப் பக்கத்தில் உள்ள இருமொழிப் புத்தகம் எங்கே கண்டாலும் வாங்குங்கள்.

காசு கொடுக்காமல் கிடைப்பதையும் பட்டியலில் காட்டுங்கள். பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக் கதைகள் திறந்த உரிமத்தில் இருக்கின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயரை நீக்காமல் அச்சடித்துப் பயன்படுத்தலாம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய சிறுவர் சஞ்சிகைகளும் நூல்களும் ஆயிரக்கணக்கான ஆவணங்களோடு வாசிக்கக் கிடைக்கின்றன. ஆசிரியருக்கு அது பெரிய துணை.

எல்லாவற்றுக்கும் மேலே ஆள் செலவு. உயர்தரம் முடித்துவிட்டு ஊரில் இருக்கும் ஒரு பிள்ளையை, முடிந்தால் திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளையையே, நூலகத்தைத் திறக்கவும் கதை வாசிக்கவும் பதிவு எழுதவும் அமர்த்தி, மாதம் ஒரு கொடுப்பனவு கொடுங்கள். சம்பளத்துக்கு நிதி கேட்டால் ஒருவரும் தரமாட்டார்கள், புத்தகத்துக்குக் கேட்டால்தான் தருவார்கள் என்று உங்களிடம் பலர் சொல்லுவார்கள். கேட்டுப் பாருங்கள். ஒரு வருடக் கொடுப்பனவு இவ்வளவு, அந்தப் பிள்ளை வாரத்தில் இத்தனை நாள் இத்தனை மணி நேரம் திறந்து வைப்பாள் என்று சொன்னால் தருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பிரிக்கிற விதம் இது: நூறு ரூபாய் வந்தால் முப்பத்தைந்து ஆளுக்கு, முப்பது புத்தகத்துக்கு, இருபது தளபாடத்துக்கு, மீதிப் பதினைந்தை அடுத்த வருடப் புத்தகத்துக்கும் மட்டை ஒட்டு வேலைக்கும் வங்கியில் விடுவது. முதல் வருடத்திலேயே எல்லாவற்றையும் செலவழித்து முடித்தால் இரண்டாம் வருடம் கதவு சாத்தியாகிவிடும்.

யாரிடம் கேட்பது

பாடசாலையின் பழைய மாணவர்களிடம் தொடங்குங்கள். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச், சிட்னி என்று எங்கெங்கோ இருப்பார்கள். ஊர்ச் சங்கமாக இயங்குகிறவர்கள் பலர். இவர்களில் சிலர் தாங்களே அகதியாகப் போனவர்கள். முகாமில் படித்த பிள்ளை என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அவர்களிடம் கேட்கும்போது நம் வழக்கத்தில் ஏற்கெனவே இருக்கிற வழிகளைப் பயன்படுத்துங்கள். வீட்டில் ஒரு மரணம் நடந்தால் 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள், ஆண்டுத் திவசத்துக்கு இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுக்கிறார்கள். அந்தக் குடும்பத்திடம், "அம்மாவின் நினைவாக ஒரு இறாக்கை, வருடா வருடம் திவசத்துக்கு அதில் பத்துப் புத்தகம்" என்று கேளுங்கள். பணிவோடு, துக்கம் கொஞ்சம் ஆறிய பிறகு, நெருங்கிய ஒருவர் மூலம் கேட்க வேண்டும். வருடா வருடம் தவறாமல் வரும் காசு நான் அறிந்தவரை இப்படி வந்ததுதான். இறாக்கையின் ஓரத்தில் சின்னதாக ஒரு பெயர், அவ்வளவு போதும். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் இதே மாதிரிச் செய்யலாம். புத்தகத்தின் முதல் பக்கத்தில் வாழ்த்து எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

லண்டனில் இருப்பவர்கள் பதிவுபெற்ற அறக்கட்டளை ஒன்றின் ஊடாகக் கொடுத்தால், அவர் அங்கே வரி கட்டுகிறவராக இருந்தால், ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் அந்நாட்டு அரசிடமிருந்து மேலதிகமாகச் சேரும். கிப்ட் எய்ட் என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியும். கோபண்ட்மி போன்ற தளங்களில் இலங்கை வங்கிக் கணக்குக்கு நேரடியாகக் காசு எடுக்க முடியாது. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் தன் பெயரில் தொடங்க வேண்டும். அப்படியானால் சேர்ந்த மொத்தம், தளம் பிடித்த கட்டணம், அனுப்பிய தொகை மூன்றையும் அவரும் நீங்களும் ஒரே நாளில் எழுத்தில் வெளியிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் தாமதித்தால் பேச்சு கிளம்பிவிடும், கிளம்பிய பேச்சு அடங்காது.

ஊருக்குள்: மத்திய வீதி, பிரதான வீதிக் கடைக்காரர்களிடம் பொருளாகக் கேளுங்கள். பெயின்ற், ஆணி, மின்விளக்கு, மட்டை போடும் பிளாஸ்ரிக், பாய். காசை விடப் பொருள் கொடுப்பது அவர்களுக்குச் சுலபம். உப்புவெளி, நிலாவெளி விடுதிகளிடம் சித்திரைக்குப் பிறகு, உல்லாசப் பயணிகள் வருகிற பருவத்தில் போக வேண்டும். மாரியில் போனால் அவர்களுக்கே திண்டாட்டம். சீனன்குடாப் பக்கத்து மா ஆலை, சீமெந்து ஆலை, எரிபொருள் தாங்கித் தொகுதி போன்ற பெரிய நிறுவனங்களுக்கு அதிபரின் கையொப்பத்தோடு முறையான கடிதம் போகட்டும். அவர்களின் பாதீடு வருடத்துக்கு ஒரு முறைதான் முடிவாகும், பதில் தாமதிக்கும். றோட்டரி, லயன்ஸ் கழகங்கள் ஒரு முறைச் செலவுக்கு நல்லவை, தளபாடத்தை அவர்களிடம் கேளுங்கள். கோயில் பரிபாலன சபையிடமும், மூதூர், கிண்ணியாப் பக்கமானால் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் கேட்கத் தயங்க வேண்டாம். இரண்டு சமூகப் பிள்ளைகளும் வரும் நூலகம் என்றால் இரண்டு இடத்திலும் கேளுங்கள், இரண்டு இடத்துக்கும் ஒரே கணக்கைக் காட்டுங்கள்.

நிறுவனங்கள் என்றால், றூம் டு றீட் 2005 முதல் இலங்கையில் பாடசாலை நூலகம், உள்ளூர் மொழிச் சிறுவர் நூல் இரண்டிலும் வேலை செய்துவருகிறது. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் தமிழ்நாட்டு முகாம்களிலும் இங்கே திரும்பியவர்களிடையேயும் இயங்கும் அமைப்பு. காசு தராவிட்டாலும் எந்தக் குடும்பங்கள் எங்கே இருக்கின்றன, பிள்ளைகளுக்கு என்ன சிக்கல் என்பதை அறிய அவர்களிடம் பேசுவது நல்லது. ஆஸ்திரேலியா, ஜப்பான், கனடா தூதரகங்களுக்குச் சிறு திட்ட நிதிகள் உண்டு. பதிவு, கணக்காய்வு, அறிக்கை எல்லாம் கேட்பார்கள். முதல் வருடத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஒரு வருடக் கணக்கும் இரவல் பதிவேடும் கையில் இருக்கும்போது போனால் பேச உங்களிடம் விஷயம் இருக்கும்.

காலம் பார்த்துக் கேட்பதும் முக்கியம். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். பாடசாலையில் வாணி விழா நடப்பதும் அநேகமாக அந்தக் காலத்தில்தான், விஜயதசமிக்கு ஏடு தொடக்குகிறோம். சரஸ்வதி பூசைக்கு வருகிற பழைய மாணவரிடம் புத்தகத்துக்குக் கேட்டால் மறுப்பாரா? அந்த வாரத்துக்குள் உங்கள் பட்டியல் தயாராக இருக்கட்டும்.

எப்படி எழுதுவது

பொதுக் குழுவில் நீளமான அறிவிப்புப் போடுவதை விட ஆளுக்கு ஆள் தனியாக எழுதுவது பலன் தரும். இப்படி ஒன்று:

"வணக்கம் அண்ணா, சுகமாக இருக்கிறீர்களா? நான் ஊரில் உங்கள் பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்து வளவு. நீங்கள் படித்த பாடசாலையில் நூலகம் ஒன்று தொடங்குகிறோம். இந்தியாவிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இப்போது இங்கே படிக்கிறார்கள், சிங்களம் வாசிக்கக் கஷ்டப்படுகிறார்கள். வாரத்தில் ஐந்து நாளும் நூலகத்தைத் திறக்க ஒரு தங்கச்சியை ஒழுங்கு செய்திருக்கிறோம். அவவுக்கு மூன்று மாதக் கொடுப்பனவை நீங்கள் பொறுப்பெடுக்க முடியுமா? தொகையும் பாடசாலைச் சங்கத்தின் கணக்கு இலக்கமும் கூட்டத் தீர்மானமும் கீழே அனுப்புகிறேன். முடியாவிட்டாலும் பரவாயில்லை அண்ணா, நீங்கள் படித்த காலத்தில் விரும்பி வாசித்த புத்தகம் எது என்று மட்டும் சொல்லுங்கள், அதைத் தேடி வாங்குவோம்."

கடைசி வரியைக் கவனியுங்கள். காசு தர முடியாதவரையும் அது உள்ளே கூட்டிக்கொண்டு வருகிறது. அவர் சொல்லும் புத்தகம் பல நேரம் நல்ல புத்தகமாகவும் இருக்கும். பதில் வராவிட்டால் இரண்டு கிழமை கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

புத்தகமாகத் தருகிறோம் என்பவர்கள்

அன்போடு ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் பட்டியலை முதலில் அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகப் பழைய ஆங்கிலப் புத்தகம் அனுப்ப விரும்புகிறவருக்கு, கப்பல் கூலியும் துறைமுகச் செலவும் சேர்த்தால் அந்தக் காசுக்கு இங்கே எத்தனை தமிழ்ப் புத்தகம் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். ஊருக்குள் கிடைக்கும் பழைய புத்தகங்களை வெயிலில் ஒரு நாள் காயவிட்டு, தட்டிப் பார்த்து, பூச்சி இல்லையென்று உறுதியான பிறகே இறாக்கைக்கு ஏற்றுங்கள். கிழிந்ததையும் காலம் கடந்த பாடநூலையும் வாங்கி வைத்தால் இடம்தான் போகும்.

படமும் பெயரும்

பிள்ளைகளின் முகத்தைப் போட்டுக் காசு கேட்காதீர்கள். இதில் நான் ஒரு விட்டுக்கொடுப்புக்கும் இடம் காணவில்லை. தமிழ்நாட்டில் பிறந்து வந்த பிள்ளைகள் சிலரின் பிரஜாவுரிமைப் பதிவு, பிறப்புப் பத்திர வேலைகள் இன்னும் முடியாமல் இருக்கும். எந்தப் படம் எங்கே போய் எந்தக் குடும்பத்துக்குத் தொந்தரவாகும் என்று உங்களால் சொல்ல முடியாது. அதற்கு அப்பால், தன் வறுமைக் கதையோடு தன் முகம் ஊரெல்லாம் சுற்றியது என்று பதினைந்து வயதில் ஒரு பிள்ளை அறிய நேர்ந்தால் அதற்கு யார் பதில் சொல்வது? அறையைப் படமெடுங்கள். இறாக்கையை, பதிவேட்டின் பக்கத்தை, புத்தகம் பிடித்த கைகளை எடுங்கள். பிள்ளை வரைந்த படத்தை, அந்தப் பிள்ளையும் வீட்டாரும் சம்மதித்தால், பெயரில்லாமல் போடலாம்.

காசு வந்த பிறகு

வாங்கிய ஒவ்வொரு புத்தகத்தையும், வந்த வரிசையில் இலக்கமிட்டு எழுதும் சேர்வுப் பதிவேட்டில் சேர்வு இலக்கத்தோடு பதியுங்கள். தளபாடம் பாடசாலையின் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் நாளைக்கு அது யாருடையது என்ற கேள்வி வரும். இரவல் பதிவேடு ஒரு சாதாரணக் கொப்பியாக இருந்தாலே போதும்: திகதி, பிள்ளையின் பெயர், சேர்வு இலக்கம், திருப்பிய திகதி. இந்தக் கொப்பி பாடசாலையை விட்டு வெளியே போகக் கூடாது. வெளியே போவது எண்ணிக்கை மட்டும்.

தொலைந்த புத்தகத்துக்குக் குற்றப்பணம் வாங்காதீர்கள். முகாமில் எதையும் சொந்தமாக வைத்திருக்காத பிள்ளை ஒரு புத்தகத்தை நாலு மாதம் திருப்பாமல் வைத்திருந்தால், நூலகத்துக்கு வருகிற அக்கா வீட்டுப் பக்கம் போகும்போது அன்பாக விசாரித்தால் போதும். வருடத்துக்கு நூறில் சில புத்தகம் போகும் என்று முன்கூட்டியே கணக்கில் எழுதி, கொடுத்தவர்களுக்கும் அதைச் சொல்லிவிடுங்கள். யாரும் கோபிக்கமாட்டார்கள்.

மாதம் ஒரு முறை, ஒரே திகதியில், கொடுத்த எல்லோருக்கும் ஒரு சிறு செய்தி போக வேண்டும்: வந்த காசு, செலவான காசு, மீதி, நூலகம் திறந்திருந்த நாட்கள், இரவல் போன புத்தகங்கள். திறக்காத நாட்கள் இருந்தால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள். அக்காவுக்குக் காய்ச்சல், வெள்ளம், பரீட்சை மண்டபமாக அறை எடுத்தார்கள், எதுவானாலும். உள்ளதை உள்ளபடி சொல்லும் கணக்குக்கு மறுமுறை கேட்காமலே காசு வரும். ஒரு வருடக் கணக்கைச் சங்கப் பொதுக்கூட்டத்தில் வாசித்து, பிரதியை வலய அலுவலகத்துக்கும் பெரிய தொகை தந்தவர்களுக்கும் அனுப்புங்கள்.

இரண்டாம் வருடக் கோரிக்கைக் கடிதத்தை முதல் வருடத்தின் பத்தாம் மாதத்திலேயே எழுதத் தொடங்கிவிடுங்கள். நூலகம் நடத்தும் அந்தத் தங்கச்சிக்குத் தை மாதக் கொடுப்பனவு எங்கிருந்து வரும் என்பது மார்கழி விடுமுறைக்கு முன்பே அவவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.